நான் லீவு போட்ட பதினொரு நாள்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எதிலும் ஒரு சொட்டுக் கூடப் போட்டுவிடுவது என் கைவாகு. என் மனைவி இருந்தவரை அடுப்படிப் பக்கமே என்னை விட்டதில்லை. பிடிக்காவிட்டால் அப்படியே வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, கோச்சடையில் வீட்டைத் தேடிப்பிடித்து, கல்லூரி அலமாரியில் கிடைத்த ஒரு பழைய நோட்டை என் முன்னால் விரித்து வைத்திருக்கிறீர்கள். நோட்டை எனக்குத் தெரியும். பச்சை அட்டை, தமிழ்வாணியின் கையெழுத்து. ஒன்றரை வருடக் கணக்கில் பதினொரு நாளை மட்டும் அந்தப் பிள்ளை சிவப்பு மையால் அடித்திருக்கிறதே, அந்த நாள்களில் ஆய்வகத்தில் என்ன நடந்தது என்பது உங்கள் கேள்வி. ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் நான் லீவு.

இந்தப் பதிலோடு நீங்கள் எழுந்துபோவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. சரி, ஃபேன் காற்று படும்படி கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

என் பெயர் ராமமூர்த்தி என்பது உங்களுக்குத் தெரியும். விளாங்குடி தாண்டி ஒரு கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தேன். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பாவுக்குச் சாயப்பட்டறை. பட்டில் சாயம் நன்றாக ஏற எறும்பு அமிலம் கொஞ்சம் விடுவார்கள். எத்தனை சொட்டு என்று அவர் அளந்து நான் பார்த்ததில்லை. தொட்டியிலிருந்து வரும் ஆவியை மோந்து பார்த்தே சொல்லுவார். கல்லூரியில் ஃபார்மிக் ஆசிட் என்று சொல்வதும் அதுதான். கட்டெறும்பு கடித்தால் சுருக்கென்று ஏறுகிற அதே சாமான். எனக்கு அது கை பழகிய பொருள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கதை சொல்வதும் எனக்குக் கை பழகியதுதான். வைகையில் வெள்ளம் வந்த வருடம் ஆறு என் சைக்கிளை இழுத்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியது. மேலூரில் கிரானைட் அறுத்தபோது பாறைக்குள்ளிருந்து உயிரோடு ஒரு தவளை வந்தது. அதற்குக் காது கேட்கவில்லை, உள்ளே அவ்வளவு காலம் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கிறது. இதையெல்லாம் நான் சிரிக்காமல் சொல்லுவேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கல்லூரி வாசலில் முத்திருளன் டீக்கடை பெஞ்சில் எனக்கென்று ஓர் இடம் உண்டு என்றால் அது இதனால்தான்.

தமிழ்வாணி தொண்ணூற்றைந்தில் ஆராய்ச்சிக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் ஒரு காலனிப் பிள்ளை. அதன் அப்பா சின்னக்கருப்பன் பாதி ஆயுள் அடுத்தவர் வயலில் இறங்கியவர். பிறகு தனக்கென்று முக்கால் ஏக்கர் வாங்கினார். அந்தத் தெருவில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அது. வழிகாட்டிப் பேராசிரியர் ராஜகுரு, எங்கள் ஆள், எனக்குத் தூரத்து உறவு.

ஆராய்ச்சி என்னவென்றால், கரியமில வாயுவை, அதாவது நாம் விடுகிற மூச்சையும் பஸ் விடுகிற புகையையும், உருப்படியான ஒரு பொருளாக மாற்றுவது. உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு பாக்டீரியாவை வளர்த்து அதிலிருந்து ஓர் என்சைமைப் பிரித்து, பென்சில் கனத்தில் உள்ள கரிக்கம்பியில் அந்தப் பிள்ளை பூசும். கம்பியைக் கண்ணாடிக் குடுவையில், தினமும் புதிதாகக் கலக்கிய உப்புக் கரைசலுக்குள் நிறுத்தி, லேசாகக் கரண்ட் கொடுக்கும். கீழேயிருந்து வாயு குமிழ்விட்டு வரும். அது சோடாக் கம்பெனிச் சிலிண்டர். கரண்டும் என்சைமும் சேர்ந்து வாயுவை எறும்பு அமிலமாக ஆக்க வேண்டும். ஆக்கியதா என்று பார்க்க, சாயங்காலம் கரைசலில் கொஞ்சம் எடுத்து ஒரு மருந்து சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிறம் வரும். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு அமிலம்.

பதினான்கு மாதம் ஊதா வரவில்லை. கரண்ட் போய்விடும், ஃப்ரிட்ஜ் நின்றுவிடும், என்சைம் செத்துவிடும். சித்திரை வெயிலில் மதுரையில் மனிதர்களே பாதி உயிரோடு திரிகிறோம். அந்தப் பிள்ளை திரும்பவும் பாக்டீரியாவை வளர்க்கும். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழில் பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரத்தில் ஒரு நாள், கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து கம்பியைக் கழுவிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டது.

"அண்ணே, நா ஊருக்கே போயிரட்டுமா?"

"ஏன் தாயி?"

"அப்பா வாரம் தவறாமக் கேக்குறாரு, புகை ஆசிட் ஆயிருச்சாம்மான்னு. என்னத்தச் சொல்ல?"

மத்தியானம் அது சாப்பிடப் போயிருந்தபோது, அலமாரியில் மூன்றாம் தட்டிலிருந்த பழுப்புக் குப்பியை எடுத்தேன். எறும்பு அமிலம், நூறு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்தேன். அதிலிருந்து குடுவையில் ஒரே ஒரு சொட்டு. பிள்ளை வாடிப்போயிருக்கிறதே, ஒரு நாளாவது சிரிக்கட்டும் என்றுதான் செய்தேன்.

சாயங்காலம் குழாயில் ஊதா ஏறியது. அந்தப் பிள்ளை குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி ஜன்னலுக்கும் மேசைக்கும் நாலு தடவை நடந்தது. "அண்ணே, இங்கன வாங்களேன். எம்புட்டு அழகா இருக்கு பாருங்களேன்." நான் பார்த்தேன். மறுநாள் சின்னக்கருப்பன் ஒரு பை அவித்த கடலை கொடுத்தனுப்பியிருந்தார். ராஜகுரு சார் மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். கடலை நன்றாக இருந்தது.

ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முதல் நாள் ஊதா வந்து மறுநாள் வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு முன்னைவிடக் கஷ்டம். அதனால் மறுநாளும் விட்டேன்.

வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்த வாளிப் பேச்சுக்கு முந்தைய சாயங்காலம் டீக்கடையில் ஒன்று நடந்தது. எங்கள் ஆய்வகத்தில் புகையிலிருந்து மருந்து எடுக்கிறோம், அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டிலேயே குழாய் போட்டு எடுக்கப்போகிறோம் என்று ஒரு வருடமாக அங்கே சொல்லிவைத்திருந்தேன்.

"ஏண்ணே, எம்புட்டுத் தேறுச்சு?" என்று முத்திருளன் கேட்டான்.

பெஞ்சில் இருந்தவன் சொன்னான்: "நீ ஒரு பீடியப் பத்த வையி மாப்ள. அண்ணே அந்தப் புகையில சீனி எடுத்துருவாரு. ஒனக்கு டீக்குச் சீனி மிச்சம்."

"தவளைக்கும் ஒரு டீ சொல்லுங்கப்பா" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு எனக்குப் புதிதில்லை, அதற்காகத்தான் போகிறேன். அன்றைக்கு மட்டும் தைத்தது. நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். அதையும் தவளையோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே மறுநாள் குப்பியை எடுத்தபோது பிள்ளைக்காக எவ்வளவு, பெஞ்சுக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பெஞ்சு கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

தினமும் எனக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது. ஆய்வகத்தில் எல்லோரும் உதவியாளர் அறையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். தமிழ்வாணி சிலிண்டர் ரூமுக்குப் பின்னால் போய்ச் சாப்பிடும். போ என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. ஒருநாள் கூப்பிட்டிருந்தால் எங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும், நானும் எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருப்பேன். அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

மாதம் போகப்போக ஒரு முறை வந்துவிட்டது. கம்பியில் புதிதாக ஏதாவது பூசிப் பார்த்தால் ஒரு சொட்டுக் கூட விடுவேன். அவசரமாக, கவனமில்லாமல் செய்தது என்று தெரிந்தால் அரைச் சொட்டுக் குறைப்பேன். வேலைக்குத் தகுந்த பலன் கிடைக்க வேண்டுமல்லவா. அந்தப் பிள்ளை ராத்தூக்கம் விட்டு யோசித்து, ஏன் செவ்வாய்க்கிழமை கூடியது, ஏன் வியாழக்கிழமை குறைந்தது என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுதும். நோட்டில் இருக்கிறது, நீங்களே படித்திருப்பீர்கள். நல்ல காரணங்கள். நான் நேர்மையாகத்தான் விடுகிறேன் என்று அப்போது எனக்கு நினைப்பு.

இனி அந்தப் பதினொரு நாள். அழகர் ஆற்றில் இறங்கிய நாளும் அதன் முன்பின்னுமாக மூன்று. மூத்த மகள் பிரசவத்துக்கு நாலு. எனக்கு மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி குடித்துக் கிடந்தது நாலு. திரும்பி வந்தபோதெல்லாம் அந்தப் பிள்ளை சொல்லும்:

"அண்ணே, நீங்க லீவு போட்டா என்சைமும் லீவு போட்டுருது. அதுக்கும் ஒங்க கதை கேக்கணும்போல."

அந்த நாள்களில் அளவு ரொம்பக் குறைவு. மற்ற நாளோடு பார்த்தால் இருபதில் ஒரு பங்கு இருக்கும். என்சைம் சோர்ந்துவிட்டது, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சிவப்பு மையால் அடித்துவிடும்.

காமாலை தெளிந்து வந்த அன்று, முந்தைய நாள் குழாய் ஒன்று கழுவாமல் தாங்கியில் நின்றது. எடுத்துப் பார்த்தேன். கத்தரிப்பூவைத் தண்ணீரில் அலசியது போல ஒரு நிறம். இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடலாம். ஆனால் நான் சாயக்காரன் மகன், அழுக்குக்கும் நிறத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அது நிறம்தான். அந்த நாலு நாளும் குடுவைப் பக்கம் நான் போகவில்லை, கட்டிலில் கிடந்தேன். அப்படியானால் கம்பி தானாகவே செய்திருக்கிறது. பதினான்கு மாதம் வராதது எந்த நாளில் வரத் தொடங்கியதோ, என் சொட்டுக்கு அடியில் அது தெரியாமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை கும்பிட்ட பலன் உள்ளபடிக்கே வந்திருக்கிறது, கொஞ்சமாக, நாள் தவறாமல் ஒரே அளவாக.

எனக்கு அது புரிந்தது. புரியவில்லை என்று உங்களிடம் சொல்லலாம், நீங்கள் நம்புவீர்கள். புரிந்தது. அன்றே நிறுத்தியிருந்தால் நாளைக்கு ஏன் குறைந்தது என்று கேள்வி வரும். எனவே குழாயைக் கழுவிக் கவிழ்த்தேன். கழுவுவது என் வேலை. மத்தியானம் வழக்கம்போல் சொட்டு விட்டேன்.

தொண்ணூற்றெட்டு ஆடியில் ஆராய்ச்சியைச் சோதிக்க வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கண்முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டுவதற்கு முந்தைய நாள் துறை அறையில் வைத்து அந்தப் பிள்ளையிடம் தனியாக இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: கொதிக்கவைத்துக் கொன்ற என்சைமைப் பூசி, பக்கத்திலேயே இன்னொரு குடுவையும் வை. ஆய்வகத்தில் அதை வெற்றுச் சோதனை என்பார்கள். செத்ததில் ஒன்றும் வரக்கூடாது, உயிருள்ளதில்தான் வர வேண்டும். தமிழ்வாணி அதையெல்லாம் முதல் வருடமே, நான் குப்பியைத் தொடுவதற்கு முன்பே, செய்து முடித்திருந்தது. அதனால் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

மத்தியானம் பெரியவருக்கு இலை போட்டுச் சாப்பாடு. எல்லோரும் அங்கே. அந்தப் பிள்ளை சிலிண்டர் ரூமுக்குப் பின்னால். நான் போய்ப் பார்த்தால் மேசையில் இரண்டு குடுவை. பெருமைக்கு இரண்டாக வைத்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரே பந்தியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் இலையில் மட்டும் பாயசம் ஊற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இரண்டிலும் சமமாக விட்டேன். வந்திருப்பவர் பெரியவர் என்பதால் தாராளமாகவே விட்டேன்.

நாலு மணிக்கு இரண்டு குழாயிலும் ஒரே ஊதா. அப்பா பார்த்திருந்தால் ஒரே தொட்டியில் முக்கி எடுத்தது என்று சொல்லியிருப்பார்.

பெரியவர் சத்தம் போடவில்லை. "செத்துப்போன என்சைமும் வேலை செய்யுதேம்மா" என்றார்.

தமிழ்வாணி இரண்டு குழாயையும் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தது. "நாளைக்கு மறுபடியும் போட்டுக் காட்டுறேன் சார். ஒரே ஒரு நாள்."

"இதுக்கு மேல என்னத்தப் போடப்போற?" என்றார் ராஜகுரு. ஆய்வகத்தைப் பூட்டச் சொன்னார். சாவி என்னிடம் இருந்தது. பூட்டினேன். உள்ளே விட்டிருந்தால் மறுநாளே அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும், அவ்வளவு கெட்டி.

பத்து நாள் கழித்து, அந்தப் பிள்ளையே அமிலத்தை ஊற்றி ஏமாற்றியது என்று விசாரணைக் குழு. மூன்று பேர், கூட ராஜகுரு. அந்தப் பிள்ளை மூலை நாற்காலியில். "எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல சார்" என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. இடஒதுக்கீட்டில் வருகிறவர்களைப் பற்றி ஒருவர் ஏதோ முணுமுணுத்தார், மற்றவர்கள் கேட்காதது போல் இருந்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வெளி ஆள் யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்டார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "வெளி ஆள் எதுக்குங்கய்யா, நாந்தான் ஊத்துனேன். தெனம் மத்தியானம் ஒரு சொட்டு. புள்ள வாடிப்போகுதேன்னு" என்றேன்.

ராஜகுரு சிரித்தார். "இவரு இப்படித்தான். ராமமூர்த்தி, அந்தத் தவளைக் கதையச் சொல்லுங்க." சொன்னேன். மூவரும் சிரித்தார்கள். முணுமுணுத்தவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னவன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தவளையைச் சொல்லுகிற அதே முகத்தோடு, அதே குரலில்தான் சொன்னேன். வேறு குரலும் என்னிடம் உண்டு. வெளியே நடைவழியில் ராஜகுரு என்னை நிறுத்தி, எங்கள் வீட்டு மொழியில், விளையாட்டுக்குத்தானே சொன்னாய் என்று கேட்டார். அந்த மொழியில் நான் கதை விடுவதில்லை, அவருக்கும் அது தெரியும். அதனால்தான் அதில் கேட்டார். ஆமாம், விளையாட்டுக்குத்தான் என்றேன். ஓய்வுபெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது.

பட்டம் இல்லை என்று கடிதம் வந்தது. அதற்கு மறுவாரம் சின்னக்கருப்பன் கல்லூரிக்கு வந்தார். துவைத்த வேட்டி, தோளில் மடித்த துண்டு. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என்னைக் கண்டுபிடித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அய்யா, நீங்க அது கூடவே இருந்தவுக. ஒங்க வாயால சொன்னா நா நம்புவேன். எம்மக களவாணித்தனம் பண்ணுச்சா?"

அவர் சிரிக்க வரவில்லை. பெஞ்சு இல்லை, குழு இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு என் தவளையைத் தெரியாது. நான் எந்தக் குரலில் சொன்னாலும் நம்பியிருப்பார்.

"வையாதீக. சின்னப்புள்ள. ஆசையில ஏதோ செஞ்சிருச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அம்புட்டுத்தானுங்களா" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தமிழ்வாணிதான் என்னைப் பார்த்து ஓடிவந்தது. ஒரு கிரானைட் பட்டறையில், அறுத்த கல்லின் நீள அகலத்தைக் குறித்துவைக்கிற வேலை. நகக்கண்ணில் வெள்ளையாகத் தூசி. எனக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தது, கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டது. அப்பா போன வருடம் இறந்துபோனார் என்றது.

"கடைசி வரைக்கும் எங்கூடப் பேசலண்ணே. காலேசுக்குப் போயி வந்த அன்னையிலருந்து ஒரு வார்த்த பேசல. அங்க யாரு என்ன சொன்னாகளோ."

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"அன்னைக்கு அம்புட்டுப் பேரு இருந்தாக. நீங்க ஒருத்தர்தான் பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கப் பாத்தீக. அவுக சிரிச்சாக. நா மறக்கலண்ணே" என்றது.

திருத்த வேண்டிய இடம் அது. நான் திருத்தவில்லை. பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை கீழே நின்று கையாட்டியது.

இப்போது நீங்கள் வந்து, உங்கள் ஊரில் அதே மாதிரிக் கம்பியை வைத்துச் செய்து பார்த்தோம், வந்த அளவும் அந்தப் பதினொரு நாள் அளவும் ஒன்றாக இருக்கிறது என்கிறீர்கள். பத்து வருடத்துக்கு முன்பே இந்தப் பிள்ளை சரியாகச் செய்திருக்கிறது, மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாராவது எழுதிக் கொடுத்தால், முதலில் செய்தது யார் என்று பெயர் போட்டு எழுதலாம் என்கிறீர்கள். என் கையெழுத்து வேண்டும் என்கிறீர்கள்.

போடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். அமிலத்தை ஊற்றியது நான். செத்ததிலும் ஊற்றியது நான். நல்ல நிறத்தைப் பார்த்த பிறகும், தெரிந்தே ஊற்றியது நான். மகள் திருடி என்று அப்பனிடம் சொன்னதும் நான். தேதி போட்டுக் கீழே என் பெயரை முழுசாக எழுதுங்கள், ராமமூர்த்தி என்று மதுரையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்வாணிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நல்ல மனிதர் ஒருவராவது இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது; பாவம், தாங்காது.